54 ரூபாவுக்குக் கிடைத்த 31 பக்கங்கள்: ஆர்.டி.ஐ. சேவை பற்றி ஒரு கணக்கப்பிள்ளை

நான் 28 வருடம் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். விடியக்காலை ஆட்கள் வேலைக்குக் கூடும் பிரட்டில் பேர் போடுவேன், சங்கிலி பிடித்து மலை அளப்பேன், கொழுந்து நிறுவையில் நிற்பேன், மாதக் கடைசியில் செக்ரோலை, அதாவது சம்பளப் புத்தகத்தை, முடித்து ஒபிசில் கொடுப்பேன். யாருக்காவது அரைப்பேர், அதாவது அரைநாள் வேலை, குறைந்திருந்தால் சம்பளத்துக்கு மறுநாள் விடியும்போதே என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். "ஐயா, வியாழக்கிழமை நான் பதினோராம் நம்பர் மலையில நின்னேனே, ஏன் பேர் இல்ல?" என்று கேட்பார்கள். புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டுவேன். பிழை என் பக்கம் என்றால் அடுத்த மாதம் திருத்திக் கொடுப்பேன்.

அரைநாள் சம்பளத்துக்கு இருந்த அந்த உரிமை, எங்கள் பேரில் வந்து போகும் அரசாங்கக் காசுக்கு வெகுகாலம் இருக்கவில்லை. எவ்வளவு வந்தது, யார் கையெழுத்துப் போட்டு எடுத்தார்கள் என்று பார்க்க எந்தப் புத்தகமும் எங்கள் முன்னால் திறக்கப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், எங்கள் பையன்கள் ஆர்.டி.ஐ. என்று சொல்வது, அந்தப் புத்தகத்தைத் திறக்க வைக்கிற சேவை. இரண்டு முறை பாவித்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு புள்ளி கொடுப்பேன். எந்த அலுவலகத்தில் விண்ணப்பித்தேன் என்று மட்டும் எழுதவில்லை. அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள், விசாரணையும் இன்னும் முடியவில்லை.

விஷயம் ஒரு பாதை. ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்தின் மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில், நான்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்). பெரிய ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏற ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு கல்ரோடு. ஆனி, ஆடி மழைக்கு அதில் கால் வைக்க முடியாது. பிரசவ வலி கண்ட பிள்ளையைக் கம்பளியில் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் கேட்டால், தோட்டத்துக்குள் செலவு செய்யப் பிரதேச சபைக்குச் சட்டத்தில் இடமில்லை என்பார்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு அப்படித்தான் இருந்தது. 2018 இல் அதைத் திருத்தினார்கள். அதன் பிறகுதான் தோட்டப் பாதைக்கும் கொங்கிரீட் வரும் என்ற நம்பிக்கை எங்களுக்கு வந்தது.

வந்தது 2023 கடைசியில். உள்ளூராட்சி சபைகளின் காலம் அந்த வருடம் மார்ச் மாதம் முடிந்து, தேர்தல் நடக்காமல், எங்களுக்காகக் கேட்க ஒரு உறுப்பினர்கூட இல்லாத நேரம். (தேர்தல் நடந்தது 2025 மே 6 ஆம் திகதிதான்.) லொறியில் மணலும் கல்லும் வந்தன. பத்துப் பன்னிரண்டு நாள் வேலை நடந்தது. மாரியம்மன் கோயில் முடக்கு வரை கொங்கிரீட் போட்டார்கள், அதோடு போய்விட்டார்கள். முடக்குக்கு மேலேதான் ஏற்றம், அங்கேதான் ஆட்கள் வழுக்கி விழுவது. முதல் மழைக்கே போட்ட கொங்கிரீட்டும் இரண்டு இடத்தில் பிளந்தது.

அப்புறம் பேச்சு தொடங்கியது. தோட்டத் தலைவர் காசை எடுத்துவிட்டார் என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள், தண்ணிப் பீலியில் சொன்னார்கள். அந்த மனிதர் கோயில் கூட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். அவர் எடுத்தாரா, எடுக்கவில்லையா என்று எனக்கும் தெரியாது. கணக்கு எழுதிப் பழகிய மனசுக்கு, புத்தகத்தைப் பார்க்காமல் ஒருவரைக் கள்ளன் என்று சொல்வது பொறுக்கவில்லை. டவுனில் கொமினிகேசன் கடை வைத்திருக்கும் தம்பிதான் சொன்னான், "ஐயா, ஆர்.டி.ஐ. போடுங்க" என்று. அவனே படிவத்தையும் எடுத்துத் தந்தான்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இது. 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பப் படிவம் ஆர்.டி.ஐ. 01. அந்தப் படிவம்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதினாலும் எடுக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதி உதவ வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. எதற்காகக் கேட்கிறாய் என்ற காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: விண்ணப்பதாரர் இலங்கைப் பிரஜையா? ஆம் என்ற கட்டத்தில் அடையாளம் போடும்போது என் பேனா நின்றுவிட்டது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. என் அப்பா இந்த மண்ணில் பிறந்து, இதே மலையில் கவ்வாத்து வெட்டி, எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லாமலே செத்தவர். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்போது அவர் இல்லை. இந்தப் படிவம் அவர் காலத்தில் இருந்திருந்தாலும் அவரால் நிரப்பியிருக்க முடியாது. தகவல் கேட்கும் உரிமை பிரஜைகளுக்கு மட்டும்தான். நான் அந்தக் கட்டத்தில் அடையாளம் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

சரி, முதல் விண்ணப்பம். அதில் நான் விட்ட பிழையை எல்லோரும் விடுகிறார்கள், அதனால் சொல்கிறேன். "பாதை ஏன் பாதியில் நிற்கிறது, காசு என்ன ஆனது?" என்று கேட்டேன். பதில் ஒரே வரியில் வந்தது: வேலை மதிப்பீட்டின்படி நிறைவு செய்யப்பட்டுள்ளது. அதுவும் சிங்களத்தில். தமிழில் வேண்டும் என்று படிவத்திலேயே குறிப்பிட்டிருந்தேன். கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தபோது பாதிப் பிழை என்னுடையது என்று புரிந்தது. இந்தச் சட்டம் கையில் இருக்கிற பதிவேடுகளைக் கொடுக்கச் சொல்கிறது. ஏன், எதற்கு என்று கேட்டால் அவர்கள் விரும்பியதைச் சொல்லித் தப்பிக்கலாம். என்னிடம் வந்த தொழிலாளி "எனக்கு ஏன் அநியாயம் செய்தாய்" என்றா கேட்டார்? இந்தத் திகதி, இந்த மலை, என் பேரைக் காட்டு என்றுதானே கேட்டார். அதே மாதிரித்தான் இங்கேயும் கேட்க வேண்டும்.

இரண்டாவது விண்ணப்பத்தில் கேள்விக்குறியே போடவில்லை. தாள்களின் பெயரை எழுதினேன்: அந்தப் பாதையின் மதிப்பீடு, வேலையைப் பொறுப்பேற்றவரோடு செய்த ஒப்பந்தம், அந்த ஒப்பந்தத்துக்கு ஆதாரமான கூட்ட அறிக்கை, அளவைத் தாள், பணம் கொடுத்த வவுச்சர்கள், வேலை முடிந்ததற்கான சான்றிதழ், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். இவற்றின் பிரதிகள். ஒரு வரியும் கூடுதலாக இல்லை.

கருமபீடத்தில் இருந்த மிஸ், "உங்களுக்கு ஏன் இதெல்லாம்?" என்று சிங்களத்தில் கேட்டார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தில் இருக்கிறது மிஸ் என்று பணிவாகவே சொன்னேன். தகவல் அலுவலர் யார், மேன்முறையீட்டை யாரிடம் கொடுப்பது, கட்டணம் எவ்வளவு என்று எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று 26 ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அலுவலகத்தில் அறிவித்தல் இருந்தது, ஆனால் கதவைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் மறையும் சுவரில். இப்படிச் சின்னச் சின்ன இடங்களில்தான் இந்தச் சேவை மக்களை இழக்கிறது. எங்கள் லயத்துப் பெண் ஒருவர் மிஸ் கேட்ட அந்தக் கேள்வியைச் சந்தித்திருந்தால் பேசாமல் திரும்பியிருப்பார். கையொப்பமிட்ட பற்றுச்சீட்டை வாங்காமல் நான் நகரவில்லை. அது ஆர்.டி.ஐ. 02 படிவம். அதில் இருக்கிற இலக்கமும் திகதியும்தான் பின்னால் நமக்குக் கைகொடுப்பது.

14 வேலைநாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஒரு பதிலும் வரவில்லை. பதில் வராமல் இருப்பதும் மறுத்ததற்குச் சமம்தான். அதன் பிறகு 14 நாளுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதற்கு ஆர்.டி.ஐ. 10 படிவம். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நேரில் போக அரைநாளுக்கு மேல் ஆகிறது என்பதால்தான். நான் ஓய்வில் இருப்பவன், எனக்குப் பரவாயில்லை. மலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் டவுனுக்குப் போனால் ஒரு பேர், ஒரு நாள் சம்பளம், போச்சு. 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. இந்தச் சேவைக்கு உண்மையான கட்டணம் அந்த ஒரு நாள் சம்பளம்தான். தாளுக்கு வாங்குகிற 2 ரூபாவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

மேன்முறையீட்டுக்கு மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொன்னார்கள். குறித்தளிக்கப்பட்ட அலுவலர் என்னை உட்கார வைத்து, தாமதத்துக்கு வருத்தம் சொல்லி, முழுக் கோவையையும் பிரதி எடுத்துக் கொடுத்தார். 31 பக்கம். முதல் 4 பக்கம் இலவசம், மிச்சம் 27 பக்கத்துக்குப் பக்கத்துக்கு 2 ரூபா. மொத்தம் 54 ரூபா கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினேன்.

அன்று இரவு மின்சாரம் இல்லை. குப்பி விளக்கில் வைத்து வாசித்தேன்.

மதிப்பீடு: நீளம் 210 மீற்றர், அகலம் 2.5 மீற்றர், தடிப்பு 100 மில்லிமீற்றர், 19 இலட்சத்துச் சொச்சம். அளவைத் தாளிலும் 210 மீற்றர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. வேலை முடிந்ததற்கான சான்றிதழும் இருந்தது. வேலையைப் பொறுப்பேற்றிருந்தது எங்கள் தோட்டத்தின் அபிவிருத்திச் சங்கம்! இப்படியான சின்ன வேலைகளை ஊர்ச் சங்கங்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது, நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தச் சங்கத்தில் நானும் ஒரு அங்கத்தவன். இப்படி ஒரு வேலை எங்கள் பெயரில் வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கூட்ட அறிக்கையில் 23 பேரின் கையெழுத்து. ஒன்பதாவது என் பெயர். எழுதியிருந்தது என் கை இல்லை. பிரட்டுப் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான தடவை போட்ட கையெழுத்து எனக்குத் தெரியாதா? கூட்டம் நடந்ததாகச் சொன்ன திகதியைப் பார்த்தேன், அன்று எங்கள் மாரியம்மன் கோயில் தேர். தேர் அன்று மேல்கணக்கில் யார் கூட்டம் வைப்பார்கள்?

தலைவரின் கையெழுத்து 31 பக்கத்தில் ஒரு இடத்திலும் இல்லை. விடிந்ததும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். தாள்களை அவர் கையில் கொடுத்தேன். அவர் மனைவி அழுதுவிட்டார்.

அடுத்து அளவு. பழைய சங்கிலி இன்னும் என்னிடம் இருக்கிறது, 66 அடி. இரண்டு பையன்களைப் பிடித்துக்கொண்டு பெரிய ரோட்டிலிருந்து அளந்தோம். கோயில் முடக்கில் 8 சங்கிலி, அதாவது 161 மீற்றர். 49 மீற்றரைக் காணவில்லை, அந்த 49 மீற்றர்தான் ஏற்றம். பிளந்த ஓரத்தில் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன், நாலு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரைதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு, தாள்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். இந்த யோசனை என்னுடையது இல்லை. இந்தியாவில் ராஜஸ்தான் கிராமங்களில் 1990களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு இப்படித்தான் செய்தது. வேலை செய்தவர்களின் பேர்ப் புத்தகத்தையும் பில்லையும் ஊர் நடுவில் வாசித்து, நீ வேலை செய்தாயா, இவ்வளவு வாங்கினாயா என்று பெயர் பெயராகக் கேட்டார்கள். அந்தப் போராட்டத்திலிருந்து வளர்ந்துதான் 2005 இல் இந்தியாவுக்குத் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அங்கே அவர்கள் வாசித்தது எங்கள் செக்ரோல் மாதிரி ஒரு புத்தகம் என்று அறிந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. கோயில் முன்னால் 23 பெயரையும் வாசித்தேன். "நான் போடல", "நான் அன்னிக்கு நுவரெலியாவுல", "எனக்குக் கைநாட்டுத்தான், எழுதத் தெரியாது" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். 17 பேர் அங்கேயே தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

வவுச்சரில் இன்னொன்றும் கண்டேன். பிழை திருத்தும் காலம் முடியும் வரை தடுத்து வைக்கிற தொகை இன்னும் கொடுபடவில்லை. இன்னும் நான்கு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். 17 பேரின் எழுத்தையும் அளவையும் இணைத்துக் கடிதம் கொடுத்தோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து திரும்ப அளந்தார். தடுத்து வைத்த தொகையை விடவில்லை. பிறகு வேலைக்காரர்கள் வந்து முடக்குக்கு மேலே 30 மீற்றர் போட்டார்கள், இந்த முறை தடிப்பைப் பையன்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார்கள். 19 மீற்றர் இன்னும் பாக்கி. கள்ளக் கையெழுத்து விஷயம் முறைப்பாடாகப் போயிருக்கிறது, விசாரணை நடப்பதால் அதற்கு மேல் எழுதவில்லை.

இனி சேவையைப் பற்றி. சட்டம் பலமானது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அலுவலகத்து மேன்முறையீட்டிலும் மறுத்தால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் இருக்கும் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம், அங்கிருந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை வழி இருக்கிறது. சொத்து விபரம் கொடுத்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலை ஒரு பத்திரிகையாளர் கேட்க, பாராளுமன்றம் மறுத்தது. ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது. 2023 இல் நீதிமன்றமும் ஆணைக்குழுவின் பக்கமே நின்றது. பாராளுமன்றத்தையே கொடுக்க வைத்த சட்டம் ஒரு தோட்டப் பாதையின் கோவையைக் கொடுக்க வைக்காதா? வேண்டுமென்றே தகவலை மறைக்கும் அலுவலருக்கு 50,000 ரூபா வரை தண்டமோ இரண்டு வருடம் வரை சிறையோ விதிக்கவும் இடம் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத பிரிவு 9 ஆவது. உள்நாட்டுக் காசில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அமைச்சர் அந்த விபரத்தை வெளியிட வேண்டும். எங்கள் பாதை 19 இலட்சம். தொடங்கும்போது நீளமும் தொகையும் எழுதிய ஒரு பலகை முடக்கில் நட்டிருந்தால், நான் சங்கிலியைத் தேடி எடுத்திருக்க வேண்டியதே இல்லை. கேட்ட பிறகு கொடுப்பதை விடக் கேட்காமலே காட்டுவதுதான் களவைத் தடுக்கும். அந்த இடத்தில் அலுவலகங்கள் இன்னும் தோற்கின்றன. நான் குறைத்த ஒரு புள்ளியில் பாதி இதற்கு.

மற்றப் பாதி மொழிக்கு. தமிழில் கேட்டவருக்குத் தமிழில் பதில் கொடுப்பதைத் தயவாக நினைக்கக் கூடாது. எனக்குக் கிடைத்த 31 பக்கத்தில் 26 சிங்களம். கோவை அந்த மொழியில்தான் இருந்தது, அதை ஏற்கிறேன். ஆனால் உடன் வந்த கடிதமாவது தமிழில் இருந்திருக்கலாம். கொமினிகேசன் தம்பி உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லித்தராவிட்டால் எனக்குப் பாதி விளங்கியிராது.

தோட்டக் கம்பனியிடமும் இப்படிக் கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன பிறகு அது நேரான அரச அலுவலகம் இல்லை. அரசாங்கத்துக்கு 25 வீதமோ அதற்கு மேலோ பங்கு இருக்கும் கம்பனி, அல்லது அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து பொதுவேலை பார்க்கும் கம்பனி அந்த வேலை அளவுக்கு, சட்டத்துக்குள் வரும். அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதை விட, அரச அலுவலகத்தில் இருக்கிற பிரதியை அங்கேயே கேளுங்கள். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பாக்கி என்றால் தொழில் திணைக்களத்திடம், வீட்டுத் திட்டம் என்றால் அதை நடத்தும் அமைச்சிடமும் பிரதேச செயலகத்திடமும்.

எங்கள் அடுத்த விண்ணப்பம் அதுதான். கீழ்கணக்கில் வீடு கொடுப்பதற்கு எடுத்த பெயர்ப்பட்டியல், தெரிவு செய்த விதத்துக்கான சுற்றுநிருபம், கூட்ட அறிக்கை. இந்த முறை எழுதுவது நான் இல்லை. மேல்கணக்கு நாலாம் லயத்துப் பிள்ளை, ஏ.எல். முடித்தவள், எழுதுகிறாள். ஆர்.டி.ஐ. 01, 10 படிவங்கள் இருபது பிரதி கோயில் பக்கத்து வாசிகசாலையில் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பூசை முடிந்ததும் அங்கே இருப்பேன். அடையாள அட்டையையும், எந்தத் தாள் வேண்டும் என்பதையும் கொண்டு வாருங்கள்.